பொய் சொன்ன வாசகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வாசகிக்கு,

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம் என்பதற்கு மேல் எதையும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். போடவில்லை. பதிலைப் பத்திரிகையிலேயே எழுதலாமா என்று திரும்பக் கேட்டபோது, "தாராளமா எழுதுங்க, எங்க வீட்ல படிக்கிறது நான் ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நடந்ததை மற்ற வாசகர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மாசி மாதம். நீங்களும் மாமியாரும் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பெண்கள் வருகிறார்கள், கையில் டேப். வீட்டில் எத்தனை பேர், கேஸ் அடுப்பா விறகடுப்பா, கழிப்பறை உண்டா என்று ஆரம்பிக்கிறது. பிறகு குரலைக்கூட மாற்றாமல், பெங்களூருக்குக் கம்பி கட்டப் போகிற கணவருக்கு அங்கே வேறு தொடர்பு இருக்குமா, உங்களுக்கு அப்படி யாராவது உண்டா, ஆணுறை உபயோகிப்பதுண்டா என்று வந்துவிடுகிறது. மாமியார் கொட்டை எடுப்பதை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கிறார். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்லிவிட்டீர்கள். அதில் சில "இல்லை" உண்மை, சில பொய் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் விரலில் குத்தி, வட்டம் போட்ட ஒரு தடித்த தாளில் ரத்தச் சொட்டுகளை வாங்கிக்கொண்டு, ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கவர்மெண்டு ஆளுங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், தப்பா?" என்பது உங்கள் கேள்வி. என்னை அதிகம் தொந்தரவு செய்தது, கடிதத்தின் ஓரத்தில் இடம் பார்த்து நுணுக்கி எழுதியிருந்த இன்னொன்று: "அந்த ரத்தத்துல ஏதாவது இருந்தா வந்து சொல்லுவாங்களா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். தப்பில்லை. மாமியார் எதிரில் அந்தக் கேள்விக்கு உண்மை சொல்கிற மருமகளை நான் இதுவரை பார்த்ததில்லை. கேள்வியைத் தயாரித்தவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு பெண்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று மேலே இருந்து கணக்கு வந்திருக்கும், அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வில் கணவர் அடிப்பாரா என்று கேட்கிற பகுதி ஒன்று உண்டு. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் அதைக் கேட்கலாம். பக்கத்தில் யாராவது இருந்து, தனிமை கிடைக்கவே இல்லை என்றால், அந்தப் பகுதி முழுவதையும் கேட்காமல் விட்டுவிட வேண்டும். உண்மைப் பதில் வராது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கேட்டவர் போன பிறகு அந்தப் பெண் அந்த வீட்டில்தான் இருக்கப்போகிறாள் என்பது.

இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு உங்கள் பொய் பழகிய விஷயம். எச்.ஐ.வி. தடுப்புக்காக மனிதர்களின் அந்தரங்கத்தைக் கேட்டு எழுதுகிற வேலை நம் நாட்டில் முப்பது வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. நேரில் கேட்டால் ஆண்கள் சிலவற்றைக் கூட்டியும் பெண்கள் பலவற்றைக் குறைத்தும் சொல்வார்கள் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துபோயிற்று. கேட்கிறவருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பதில் சொல்வதில் நாம் எல்லோருமே பள்ளிக்கூடத்திலேயே தேறியவர்கள்.

இதற்கு மாற்றாகக் கர்நாடகத்தில் ஒரு வழியைக் கையாண்டார்கள். பாகல்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் அது நடந்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேரை ஓர் அறையில் உட்காரவைப்பார்கள். எல்லோரும் பெண்கள், அல்லது எல்லோரும் ஆண்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாதபடி நடுவில் அட்டை மறைப்பு. ஆளுக்கு ஒரு கட்டுச் சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் கேள்வியின் எண் மட்டும் இருக்கும். முன்னால் மூன்று பெட்டிகள்: ஆம் என்பதற்கு ஒன்று, இல்லை என்பதற்கு ஒன்று, எனக்குப் பொருந்தாது என்பதற்கு ஒன்று. நடத்துகிறவர் கேள்வியை உரக்கப் படிப்பார். அந்த எண் உள்ள சீட்டை எடுத்து, தன் பதிலுக்குரிய பெட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். எழுதத் தெரிய வேண்டாம், வாயைத் திறக்க வேண்டாம், பெயர் கிடையாது. முடிந்ததும் எல்லோருடைய சீட்டுகளையும் பெட்டிவாரியாக ஒன்றாகக் கொட்டி எண்ணுவார்கள். எந்தச் சீட்டு யாருடையது என்பது நடத்தியவருக்கே தெரியாது. வாக்குச்சாவடியில் செய்வதுதான். அதனால் வாக்குச்சாவடி முறை என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

நேருக்கு நேர் கேட்டபோது வராத "ஆம்"கள் அந்தப் பெட்டிகளிலிருந்து வந்தன. அதே ஊர், அதே மாதிரி மனிதர்கள், அதே கேள்விகள். கேட்ட விதம் மட்டும் வேறு. இதில் ஒரு நஷ்டமும் உண்டு. ஊரில் நூற்றுக்கு இத்தனை பேர் என்று தெரியுமே தவிர, வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள்தானா இவர்கள், ரத்தத்தில் கிருமி இருப்பவர்கள்தானா இவர்கள் என்று ஒருவருடைய ஒரு பதிலை அவருடைய இன்னொரு பதிலோடு சேர்த்துப் பார்க்க முடியாது. நிறையத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆளை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆளை மறந்துவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தத் துறை அன்றிலிருந்து இன்றுவரை தடுமாறிக்கொண்டிருக்கிறது.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு எதற்காகக் கேட்க வேண்டும், அவரவர் வீட்டு விஷயம் அவரவருக்கு என்று விட்டுவிடக் கூடாதா என்று உங்கள் கடிதத்தில் ஒரு கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தில் நான் பாதிக்குத்தான் உடன்படுவேன்.

1986-க்குப் போவோம். எய்ட்ஸ் என்பது வெளிநாட்டுக்காரர்களின் நோய், நம் குடும்ப அமைப்புக்கு அதெல்லாம் வராது என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவுக்கு ஓர் ஆய்வுத் தலைப்புக் கொடுக்கிறார்: தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார். நிர்மலா, பாலியல் தொழிலில் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய் ரத்தம் எடுக்கிறார். எண்பது மாதிரிகள் போலச் சேர்ந்தன. பரிசோதனை வசதி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் பார்த்ததில் ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்தார்கள். அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது அப்படித்தான்.

அந்த ஆய்வு இல்லாவிட்டால் இன்னும் பல வருடங்கள் "நமக்கு வராது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்போம். அந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதையும் மறைக்க முடியாது. கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்ததையும், எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லாததையும் நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதுதான் வழக்கம். பூட்டிய கதவுக்குள் இருக்கிற பெண்ணிடம் "சம்மதமா" என்று கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்தை விட்டு வெளியே அனுப்பவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்காட வேண்டியிருந்தது. 1990-ல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்யப்போய் கிருமி தெரியவந்து, 1989-ல் பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் போலீஸ் காவலோடு அடைக்கப்பட்டார். சோதனை என்றால் ஓடி ஒளிய வேண்டும் என்று ஊர் கற்றுக்கொண்டது இப்படியெல்லாம்தான்.

கேட்பதால் நன்மையும் உண்டு என்பதற்கு உங்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆரம்ப காலத்து ஆய்வுகள் எல்லாம் லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள், போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் என்று ஆளைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர்களையே கேட்டன. வீட்டில் இருக்கிற பெண்ணை யாரும் கேட்கவில்லை. சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த பெண்களைப் பற்றி 2000-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கிருமியோடு வந்தவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள், கணவரைத் தவிர வேறு யாரோடும் தொடர்பில்லாதவர்கள். ஒழுங்காக இருந்தால் வராது என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருந்த பிரசாரத்துக்கு அது பெரிய அடி. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, லாரி ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் மூலமாகக் கிருமி வந்தவர். பெயரையும் முகத்தையும் மறைக்காமல் மேடையேறிப் பேசியவர். 1998-ல் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்று தனி அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். இன்றைக்கு அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்கிறார்களே, உங்களுக்கும் செய்திருப்பார்களே, வீட்டுப் பெண்களுக்கும் வரும் என்று தெரிந்த பிறகு வந்த ஏற்பாடு அது.

உங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். தர்மபுரிக்காரர்களுக்குக் கணக்கெடுக்க வருபவர்கள் புதிதில்லை. பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுதவும் எண்ணவும் எத்தனை பேர் வந்தார்கள் என்பது உங்கள் மாமியார் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வந்தவர்களில் நல்லவர்கள் நிறையப் பேர். ஆனால் அவர்கள் எழுதியது அச்சாகி வந்தபோது ஒவ்வொரு தாயின் பெயரும் மறைந்துபோய், மாவட்டத்தின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் நின்றது. தனி ஆளின் ரகசியத்தைக் காப்பாற்றுவது பற்றி ஆய்வு நெறிக் குழுக்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கின்றன. ஓர் ஊரின் பெயர் கெட்டால் யார் பொறுப்பு என்பதைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. பெண் எடுக்க யோசிக்கிறார்கள் என்று எச்.ஐ.வி. விஷயத்தில் நாமக்கல் பக்கம் ஒரு காலத்தில் புலம்பினார்கள். அது வெறும் புலம்பல் என்று நான் நினைக்கவில்லை.

எச்.ஐ.வி. ஆய்வு தர்மபுரிக்குப் பெரிய அளவில் வந்தது 2005-க்குப் பிறகு. பில்கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் 'அவாஹன்' என்ற தடுப்புத் திட்டம் ஆறு மாநிலங்களில் நடந்துகொண்டிருந்தது. அதனால் பலன் உண்டா என்று பார்க்க, நடத்தையையும் ரத்தத்தையும் சேர்த்துச் சோதிக்கிற ஓர் ஆய்வு. தமிழ்நாட்டில் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடையே அது சென்னை, கோவை, மதுரை, சேலம், தர்மபுரி ஆகிய ஐந்து மாவட்டங்களில் நடந்தது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்துக்கு அதில் முக்கியப் பங்கு. தர்மபுரி ஏன் என்று கேட்கவே வேண்டாம். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி, தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக பெங்களூருக்குப் போகிற நெடுஞ்சாலை. கணவாய்க்கு முன்னும் பின்னும் பிரேக் சூடு ஆறட்டும் என்று லாரிகள் நிற்கிற இடங்கள். வானம் பார்த்த பூமி, வருடத்தில் பாதி நாள் பெங்களூரிலோ திருப்பூரிலோ கேரளாவிலோ இருக்கிற ஆண்கள்.

அந்த ஆய்வில் பெயர் எழுதுவதில்லை. ஓர் எண் மட்டும். பதிலும் ரத்தமும் அந்த எண்ணால் சேரும். மும்பை மாதிரி இந்தத் தொழிலுக்கென்று தனித் தெருவே இங்கே கிடையாது. ஒருவர் வீட்டிலிருந்து, ஒருவர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், ஒருவர் செல்போன் மூலமாக என்று சிதறிக்கிடப்பவர்களை எந்த நேரத்தில் எந்த இடத்தில் சந்திக்கலாம் என்பதற்கே முதலில் ஒரு வரைபடம் போட வேண்டியிருந்தது. அந்த வரைபடத்தை யோசித்துப் பாருங்கள். ஆராய்ச்சியாளர் கையில் இருந்தால் அது தடுப்பு வேலைக்கான கருவி. போலீஸ் கைக்குப் போனால் அதுவே ரெய்டுக்கான பட்டியல். இதற்காகத்தான் அந்தத் தொழிலில் இருக்கிற பெண்களையே கண்காணிப்புக் குழுக்களில் உட்காரவைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்தார்கள் என்பதைவிட, அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் ஒரு சொட்டு ரத்தமும் கிடைக்காது என்பதால் செய்தார்கள் என்று சொல்வதே பொருத்தம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. நல்ல நடைமுறைகள் பலவும் அப்படி வந்தவைதான்.

நம் பக்கத்தில் "சம்மதம்" என்பதை எடைபோடும்போது இன்னொன்றையும் மறக்க முடியாது. அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து செய்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். உயிரோடிருந்த 215 குற்றவாளிகளுக்கும் தர்மபுரி நீதிமன்றம் தண்டனை கொடுக்க 2011 ஆயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆயிற்று. அட்டை மாட்டிக்கொண்டு வருகிற ஒருவர் அந்த மலையடிவாரத்து வீட்டில் நின்று, "விருப்பம் இருந்தால் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்" என்று படிவத்தில் உள்ளதைப் படித்தால், எதிரே இருப்பவர் காதில் அது எப்படி விழும்? முடியாது என்று சொன்னால் ரேஷன் கார்டில் கை வைப்பார்களோ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. கையெழுத்து வாங்கியாயிற்று என்பதற்காக அதைச் சம்மதம் என்று நான் எண்ண மாட்டேன்.

இப்போது உங்கள் ஓரத்துக் கேள்வி. ரத்தம் என்ன ஆகிறது?

பொதுவாக இப்படிப்பட்ட பெரிய ஆய்வுகளில் எடுக்கிற ரத்தம் ஒரு நாட்டின் அல்லது மாநிலத்தின் கணக்குக்காக. தாளில் உலர்ந்த சொட்டை ஆய்வகத்துக்கு அனுப்பி, எண்ணை மட்டும் வைத்துச் சோதிப்பார்கள். நம் நாட்டில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு 2005-ல் சொன்ன கணக்கு 52 லட்சம். 2007 ஜூலையில் அது 25 லட்சம் என்று திருத்தப்பட்டது. நோய் பாதியாகிவிடவில்லை, கணக்குதான் மாறியது. அதுவரை அரசு மருத்துவமனைகளின் கர்ப்பிணிப் பிரிவுகளிலும் பால்வினை நோய்ப் பிரிவுகளிலும் எடுத்த ரத்தத்தை வைத்து ஊர் முழுவதற்கும் கணக்குப் போட்டார்கள். மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வு 2005-06-ல் வீடு வீடாகப் போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விரல் நுனி ரத்தத்தைச் சோதித்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 0.34 என்று வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த உங்களைப் போன்றவர்கள் கொடுத்த சொட்டுகள்தான் அந்தப் பெரிய தப்பைத் திருத்தின. ஆனால் அந்த ஒரு லட்சம் பேரில் கிருமி இருந்தவர்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. சொல்ல முடியாதபடிதான், பெயர் இல்லாமல், அது வடிவமைக்கப்பட்டிருந்தது. தெரிந்துகொள்ள விரும்பினால் இலவசச் சோதனைக்குப் போகலாம் என்று ஒரு சீட்டு மட்டும் கொடுத்தார்கள்.

மருந்தே இல்லாத காலத்தில் இதை நியாயப்படுத்த முடிந்தது. இந்தியாவில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில், தொடங்கிய இடங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இணையரில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்தவர்களை வைத்து நடந்தது. மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் மற்றவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. சென்னையும் புனேயும் அந்த ஆய்வின் இடங்களில் சேர்த்தி. அந்த முடிவு தெரிந்ததும், காத்திருக்கச் சொல்லப்பட்டிருந்தவர்களுக்கும் மருந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு "உன் ரத்தத்தில் இருப்பது எங்களுக்குக் கணக்கு மட்டும்தான்" என்று சொல்வது என் காதுக்குக் கூசுகிறது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சாத்தூர் இருக்கிறது. 2018 டிசம்பரில் அங்கே அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்தது பத்தொன்பது வயதுப் பையன். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவன் கொடுத்த ரத்தத்திலேயே கிருமி கண்டறியப்பட்டிருந்தது, அவனிடம் அது போய்ச் சேரவில்லை என்று அப்போது வெளிவந்தது. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தெரிந்ததும், தானாகவே மருத்துவமனைக்கு வந்து "என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்" என்று சொன்னது அந்தப் பையன்தான். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. சில நாட்களில் விஷம் சாப்பிட்டு இறந்துபோனான். அது ஆய்வு இல்லை, ரத்த வங்கி. ஆனாலும் முடிவை உரியவரிடம் சேர்க்காத சோதனை என்றால் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் யாருக்கும் சோதனை செய்யக் கூடாது, யாரையும் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது. பெயர் சேராத, நோய்க் கண்காணிப்புக்கான சோதனை இதற்கான விலக்குகளில் ஒன்று. அந்த விலக்கிலும் ஒரு நிபந்தனை உண்டு: ஆய்வு எதற்காக என்பதை அந்த நபரிடம் சொல்லியே ஆக வேண்டும். உங்களிடம் சொன்னார்களா என்பதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இருக்கிறது. "சத்து இருக்கான்னு பாக்கறோம்" என்றார்களாம். சத்துக்காகவே எடுத்திருக்கலாம், ரத்தசோகை பார்க்கிற ஆய்வுகளும் உண்டு. அப்படியானால் கணவரின் தொடர்பைப் பற்றிக் கேட்ட அதே மூச்சில் எடுத்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும். இத்தனை மாதமாக நீங்கள் தூங்காமல் கிடப்பதும் ஆய்வினால் வந்த கேடுதான். எந்த அறிக்கையிலும் அது ஏறாது.

நெறியோடு நடந்தால் ஆய்வு கெட்டுவிடும் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டக்கூடிய ஒரு சம்பவமும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். இந்தியா, சீனா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே என ஐந்து நாடுகளில், சுமார் 18,000 பேரை வைத்து ஒரு நடத்தை ஆய்வு நடந்தது. இந்தியாவில் நடந்த இடம் சென்னை. ஒயின் ஷாப்புக்கு வருகிற ஆண்களைப் பற்றிய ஆரம்ப வேலைகளிலிருந்து கிளம்பி, குடிசைப் பகுதிகளுக்குப் போனது. ஒவ்வொரு இடத்திலும் பேச்சுக்கு மதிப்புள்ள சிலரைக் கண்டுபிடித்து, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நண்பர்களிடம் ஆணுறை பற்றி இயல்பாகப் பேசவைத்தால் பழக்கம் மாறுமா என்று பார்ப்பது நோக்கம். ஒப்பிடுவதற்காகப் பயிற்சி இல்லாத பகுதிகளும் வேண்டுமே. அங்கே இருப்பவர்களை ஒன்றும் கொடுக்காமல் வேடிக்கை பார்ப்பது நெறியில்லை என்று, இரண்டு பக்கத்துக்கும் சோதனை, ஆலோசனை, ஆணுறை, பால்வினை நோய்க்குச் சிகிச்சை எல்லாம் கொடுத்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. பயிற்சி கொடுத்த பகுதிகளில் ஆபத்தான உறவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பயிற்சி கொடுக்காத பகுதிகளிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது. புது உத்திக்குத் தனிப் பலன் இருப்பதாகக் காட்ட முடியவில்லை. கணக்குப்படி அது தோற்ற ஆய்வு. என்னைக் கேட்டால், மரியாதையாகச் சோதித்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, மருந்து கொடுத்தாலே பழக்கம் இவ்வளவு மாறுகிறது என்பதை இவ்வளவு செலவு செய்து வேறு யார் நிரூபித்திருப்பார்கள்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் யாராவது வந்தால், யார் நடத்துவது, எதற்கு, ரத்தத்தில் எதைப் பார்ப்பீர்கள், முடிவு எனக்கு வருமா என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்டால் அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும், அதில் ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். "உள்ளே வாங்க, தனியாப் பேசலாம்" என்று நீங்களே சொல்லலாம். பிடிக்காத கேள்வியைத் தாண்டிப் போகச் சொல்லலாம். பாதியில் எழுந்தும் போகலாம். ரேஷன் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பொய் சொல்வதைவிட "அதைச் சொல்ல விருப்பமில்லை" என்பது அவர்களுக்கும் உபயோகமான பதில். அதையும் பதிந்துகொள்ள வழி இருக்கும்.

போன ரத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனைக்கான நம்பிக்கை மையம் இருக்கிறது. ஊரில் தெரிந்தவர்கள் கண்ணில் படுவோமோ என்று தயங்கினால் சேலத்துக்குப் போங்கள், கிருஷ்ணகிரிக்குப் போங்கள், எங்கே செய்தாலும் இலவசம்தான். ஆலோசகர் தனியறையில் பேசுவார், முடிவை உங்களிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும், மாமியார் கேட்டாலும் சொல்லக் கூடாது. இல்லை என்று வந்தால் நிம்மதி. இருக்கிறது என்று வந்தால் அன்றைக்கே மருந்துக்கு வழி சொல்வார்கள். தினமும் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் மூலம் இன்னொருவருக்குப் பரவாது. கணவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் முடிவு வரட்டும். அவர் கை நீட்டுகிறவர் என்று எழுதியிருப்பதால், தனியாக அவரிடம் பேச்சை எடுக்காதீர்கள். ஆலோசகரிடம் அதைச் சொல்லி, அவரை வைத்துக்கொண்டு பேசுங்கள். கிளம்புவதற்கு முன் யாரிடமாவது கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்றால் 1097-க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்